படத்தில் மட்டும் இருந்த மெஷின்

என் கணவரை ஒரு படத்துக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். சினிமாப் படமில்லை, சுவரில் மாட்டும் படமுமில்லை. கொம்பியூட்டர் திரையில் தெரிந்த ஒரு மெஷினின் படம். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். சிரித்தால் எனக்குக் கோபமில்லை. அது நடந்தபோது நானே முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றேன்.

அப்போது குண்டசாலையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். இரண்டே அறைகள். ஒன்றில் படுக்கை, மற்றதில் என் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டைத் தட்டுகள், ஜன்னலில் சாத்தி வைத்த பழைய மெத்தை, ஒரு மேசை, ஒரு கொம்பியூட்டர், ஒரு மைக். கோவில் பாட்டு, கல்யாண வீட்டுப் பாட்டு, பள்ளிக்கூட நாடகத்துக்குப் பின்னணி என்று எது வந்தாலும் ஒலிப்பதிவு செய்து, குரல் எவ்வளவு, மிருதங்கம் எவ்வளவு, வயலின் எங்கே என்று கலந்து சரிசெய்து கொடுப்பது என் வேலை. கண்டியில் ஒரு பெண் இந்த வேலையைச் செய்கிறாள் என்று சொன்னால், "ஓ, டைப்பிங்கா?" என்று கேட்பார்கள். விளக்கி விளக்கி வாய் வலித்து, கடைசியில் "ஆமா, டைப்பிங்தான்" என்று சொல்லிவிடுவேன்.

கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியார். ஹார்மோனியத்தில் கை வைத்தால் ஊரை மறப்பார். கொம்பியூட்டரில் கை வைப்பதென்றால் என்னைக் கூப்பிடுவார். நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் எனக்கு வீட்டுப் பேச்சு மாதிரி. அவருக்கோ பஸ்ஸில் இறங்குமிடத்தைச் சொல்லத் தெரியும், கடையில் பாண் வாங்கத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஒரு கோவில் திருவிழாவுக்காகப் பெண்கள் பஜனைக் கோஷ்டி பாடிய பாட்டுகளை இறுவட்டாக, சீடியாகப் போடும் வேலை வந்தது. கோவில் தலைவருக்கு ஒரே ஓர் ஆசை. "அந்தக் காலத்து ரேடியோல கேட்ட மாதிரி இருக்கணும்மா. இப்ப வர்ற பாட்டெல்லாம் தகரத்தைத் தட்டுற மாதிரியில்ல இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் மைக்கில் விழுந்த குரல்கள் தகரமாகத்தான் இருந்தன.

அதற்கு என்னிடம் ஒரு மருந்து இருந்தது. பழைய ஸ்டூடியோக்களில் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒலி கலக்கும் மிக்ஸர்கள் இருந்தன. அதில் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு நீளமான பட்டை உண்டு. மைக்கின் சத்தத்தைத் தூக்க ஒரு குமிழ், கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கச் சில குமிழ்கள், பாடுகிறவர் கத்தினால் அமுக்கி முணுமுணுத்தால் தூக்கிவிட ஒரு பகுதி. இதைச் சேனல் ஸ்ட்ரிப் என்பார்கள். அந்த மேசைகளெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. அவற்றின் குணத்தை மட்டும் கணக்குப் போட்டு எழுதி, கொம்பியூட்டருக்குள் ஓடும் மென்பொருளாக வெளிநாட்டில் விற்றார்கள். பிளகின் என்று பெயர். அப்படி ஒன்று எங்களிடம் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டுக்கும் மென்பொருள் எப்படி வந்ததோ அப்படித்தான் வந்தது.

அதைச் செய்தவன் சத்தத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பழைய மெஷினையே அச்சு அசலாகத் திரையில் வரைந்து வைத்திருந்தான். நீலமும் சாம்பலும் கலந்த பெயின்ட், விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடங்களில் வெளியே தெரியும் தகரம், ஒவ்வொரு குமிழுக்கும் கீழே நிழல். மூலைகளில் துருப்பிடித்த திருகாணிகள், அதிலும் ஒரு மூலையில் ஆணி கழன்று வெறும் ஓட்டை. மேலே முள் ஆடும் மீட்டர், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுக் கணவர் திரையை விரலால் தடவிப் பார்த்தார். "உள்ளுக்கை இருக்கிற மாதிரியே கிடக்கு" என்று ஆச்சரியப்பட்டார். நான் கிண்டல் செய்தேன்.

பொலிஸ் சோதனைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கோ குண்டு வெடித்தால் ஓரிரு நாளில் எங்கள் பக்கம் வீடு வீடாகச் சோதனை வரும், அது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. அடையாள அட்டைகளையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தோம். நான் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். கணவர் மைக்குக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து, கோஷ்டியில் ஒருத்தி சுருதி விட்ட இடத்தைப் பாடிக் காட்டுவதற்காகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மைக் திறந்திருந்தது. படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் துவக்கோடு இரண்டு பேரும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் இளம் ஆள், மரியாதையாகத்தான் பேசினார். அட்டைகளைப் பார்த்தார். என்னுடையதில் பிறந்த இடம் கண்டி, கணவருடையதில் யாழ்ப்பாணம். அதிலும் புதிதாக ஒன்றுமில்லை. ஸ்டூடியோ அறை வாசலில் நின்று, "மேக்க மொக்கத?" என்று கேட்டார், இது என்ன என்று. கேட்ட அதே கணத்தில் திரையில் இருந்த முள் துள்ளியது.

அவர் ஒரு அடி பின்னால் போனார். யாரும் பேசவில்லை. முள் கீழே படுத்துக்கொண்டது. அவர் மெதுவாக மறுபடியும், "என்ன இது?" என்றார். முள் எழுந்து ஆடியது, சிவப்பு விளக்கு எரிந்தது. "நான் பேசுவதை இது எடுக்கிறது" என்று பின்னால் நின்றவர்களிடம் சொன்னார். அதற்கும் முள் ஆடியது.

எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னது இந்த இடத்தில்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு சிங்களத்தில் விளக்கினேன். மைக் திறந்திருக்கிறது, அதனால் முள் ஆடுகிறது, கோவில் பாட்டு சேர், இது மெஷின் இல்லை, மெஷினின் படம்.

"படம் இருந்தால் மெஷின் இருக்க வேண்டுமே. மெஷின் எங்கே?"

"மெஷினே கிடையாது சேர். பழைய காலத்து மெஷின் ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்."

"வரைந்த முள் நான் பேசும்போது ஏன் ஆடுகிறது?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்னிடம் இருந்தது. ஆனால் சொல்லி முடிக்க அரை மணி நேரமாவது வேண்டும், கேட்கிறவருக்கு மனசும் வேண்டும். நான் தடுமாறியதைப் பார்த்த கணவர் உதவிக்கு வந்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில், உண்மையான மெஷின் லண்டனில் இருக்கிறது என்றார். ஐயோ என்று என் வாய்க்குள் ஒரு சத்தம் வந்து அடங்கியது. லண்டன் என்ற சொல்லை அந்த நேரத்தில், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர், பொலிஸ்காரரிடம் சொல்லலாமா? இந்த மனிதருக்கு உலகமே தெரியாது.

இன்ஸ்பெக்டரின் முகம் மாறிவிட்டது, புலிகளுக்கு வெளிநாட்டோடு செய்தி பேசும் மெஷின் என்றே முடிவுகட்டிவிட்டார். பையிலிருந்து சிறிய கமெரா ஒன்றை எடுத்து, திரைக்கு மிக நெருக்கமாகப் பிடித்து, அந்த மெஷினைப் படம் எடுத்தார். பிறகு அறையை அலசினார்கள். முட்டைத் தட்டுகளைப் பிடுங்கினார்கள், மெத்தையைக் கிழித்தார்கள், அலுமாரியை இழுத்துப் பின்னால் பார்த்தார்கள். கீழ்வீட்டுச் சிங்கள அம்மா படியேறி வந்து, "இவர்கள் நல்ல பிள்ளைகள், மாத்தயா" என்று ஒரு முறை சொன்னாள். இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்ததும் இறங்கிப் போய்விட்டாள். அவளையும் குறை சொல்ல மாட்டேன்.

கணவரை வரச் சொன்னார்கள். "கொம்பியூட்டர் என்னுடையது, வேலை என்னுடையது, அவருக்கு இதை ஆன் பண்ணவும் தெரியாது" என்று நான் குறுக்கே நின்றேன். இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். ஒரு பெண் புருஷனைக் காப்பாற்றச் சொல்லும் பொய் என்று நினைத்திருப்பார். அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இரண்டு வருஷமாகக் கண் எரிய எரிய நான் பழகிய வேலைக்கு, ஹார்மோனியக்காரரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்!

"இஞ்ச பாரும், நான் போட்டு வாறன். நீர் பயப்படாதையும்" என்றார் கணவர். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுதான் போனார். கொம்பியூட்டரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். குசினியில் தண்ணீர் வற்றி கேத்தல் கருகும் மணம் வந்த பிறகுதான் நான் நின்ற இடத்தை விட்டு அசைந்தேன்.

அடுத்த நாளிலிருந்து நான் சோற்றுப் பார்சலோடு பொலிஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்தேன். கொம்பியூட்டரைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். திரையோடு அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அந்த மூன்று பேர் மட்டும்தான். மேலதிகாரிகள் கையில் இருந்தது கமெராவில் எடுத்த படம். எனக்கும் அதைக் காட்டினார்கள். திரையின் ஓரம் எதுவும் தெரியவில்லை. துருவும் நிழலும் கழன்ற ஆணியுமாக, யாரோ ஒரு மேசையில் வைத்துப் படம் எடுத்த நிஜ மெஷின் மாதிரியே இருந்தது. நான் நீதிபதியாக இருந்தால் நானே நம்பியிருப்பேன்.

"தங்கச்சி, மேலிருந்து கேட்கிறார்கள்" என்றார் நிலையப் பொறுப்பதிகாரி. வயதான ஆள், கத்தவில்லை, மிரட்டவில்லை. "படம் இருக்கிறது, பொருள் இல்லை என்று நான் எப்படி எழுதுவது? அந்தப் பொருள் வந்தால் இதற்கு ஒரு முடிவு வரும்."

இல்லாத பொருளை இல்லை என்று நிரூபிப்பது எப்படி? எனக்கு இன்றுவரை தெரியாது. இருக்கிற பொருளைக் கொண்டுபோய்க் காட்டலாம். இல்லாததை எந்த அலுமாரியைத் திறந்து காட்டுவது?

இதை அண்ணனிடம் சொல்லி அழுதேன். அண்ணனுக்கு டவுனில் புடவைக் கடை. அப்பாவுக்குப் பிறகு அவர்தான் கடையையும் என்னையும் பார்த்துக்கொண்டவர். கோபமே வராத மனிதர், கண்டியில் அவருக்குத் தெரியாத அரசாங்கக் கந்தோரும் இல்லை. நான் சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "பொருள் வந்தா முடிவு வரும்னு அவரே சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அந்த மெஷின் எப்படி இருக்கும் என்று கேட்டார். என்ன நிறம், எத்தனை குமிழ், மீட்டர் எந்தப் பக்கம். சட்டத்தரணிக்கு விளக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்தே காட்டினேன். ஆணி கழன்ற மூலையைக்கூட விடவில்லை.

அண்ணனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடி மாதத்தைச் சொல்ல வேண்டும். அப்போது நான் சின்னப் பிள்ளை. கடைக்கு மேலேயே குடியிருந்தோம். தெருவின் அந்த முனையிலிருந்து தமிழர் கடைகளைக் கொளுத்தியபடி கும்பல் வந்துகொண்டிருந்தது. அப்பா கதவை அடைக்கவில்லை. வானொலிப் பெட்டியை, தையல் மெஷினை, அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த மணிக்கூட்டை, ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் ஏந்திப் படியிறங்கிக் கொண்டுபோய்த் தெருவில் வரிசையாக வைத்தார். வானொலிப் பெட்டியின் தூசியைக் கட்டியிருந்த சாரத்தால் துடைத்துவிட்டு வைத்தார். கொளுத்தப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் சாமானை ஏன் துடைக்கிறார் என்று நான் மேலேயிருந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பல் அதையெல்லாம் உடைத்துக் கொளுத்திக் கூச்சல் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. கதவை அடைத்துப் பூட்டிய பக்கத்துக் கடை உள்ளிருந்த ஆட்களோடு எரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வேதம். கேட்டால் கொடுத்துவிடு, கேட்பதற்கு முன்னால் கொடுத்தால் இன்னும் நல்லது. கந்தோரில், அரசாங்க அதிபர் கச்சேரியில், வரிக்காரரிடம், எல்லா இடத்திலும் அண்ணன் அப்படித்தான் வாழ்ந்தார். ஒருபோதும் அவருக்கு அது தப்பாகப் போனதில்லை.

அந்த வாரக் கடைசியில் சோற்றுப் பார்சலோடு போனபோது பொறுப்பதிகாரி எழுந்து நின்று என்னை வரவேற்றார். முகமெல்லாம் சிரிப்பு. "உன் அண்ணன் நல்ல மனுஷன்" என்றார். அவருடைய மேசையைப் பார்த்தேன்.

மெஷின் அங்கே இருந்தது.

நீலமும் சாம்பலும் கலந்த பெயின்ட். முள் மீட்டர். சிவப்பு விளக்கு. நான் சொன்ன வரிசையிலேயே குமிழ்கள். மூன்று மூலையில் திருகாணி, நாலாவது மூலையில் ஓட்டை. இரண்டு வருஷமாகக் கண்ணாடிக்குள் பார்த்த பொருள் வெளியே வந்து, உயரமும் அகலமுமாக, ஒரு ஃபைல் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். அப்படியானால் இது இருந்திருக்கிறதா, இவர் எனக்குத் தெரியாமல் எங்கேயோ வைத்திருந்தாரா என்று என் கணவரையே சந்தேகப்பட்டேன். கை நீட்டித் தொட்டேன். பெயின்ட் இன்னும் காயவில்லை. விரல் நுனியில் நீலம் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்த பிறகுதான் என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. அங்கேயே வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

அது, பிறகு அண்ணனே சொன்னபடி, கடுகண்ணாவையில் ஒரு ரிப்பேர்க் கடையின் பின்பக்கத்தில் கிடந்த, பழைய தியேட்டர் ஒன்றின் அம்ப்ளிஃபயராம். அண்ணன் தேடிப் பிடித்து, குமிழ் மாற்றி, பெயின்ட் அடித்து, ஒரு ஆணியைக் கழற்றிவிட்டு, இதுதான் அந்த மெஷின் என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கடைக்கு ஓடினேன். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், எனக்குக் கண் தெரியவில்லை.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க நீங்க?"

"கத்தாத. கேட்டாங்க, குடுத்தேன். இனி விட்டுருவாங்க."

"இல்லாத ஒண்ணை இருக்குதுன்னு ஆக்கிட்டீங்களே! இப்ப அவரு பொய் சொன்ன ஆளாயிட்டாரு, தெரியுதா?"

"அப்பா என்ன பண்ணாரு? அதைத்தானே நானும் பண்ணேன்?" என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. கோபமே வராத அந்த முகத்தில் நான் ஏன் கத்துகிறேன் என்ற குழப்பம் மட்டும்தான் இருந்தது. அந்த முகத்தை அறையத்தான் எனக்குக் கை வந்தது. அறையவில்லை. துணிக்கட்டு ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் கணவரைக் கம்பிக்குள் வைத்துப் பார்க்க விட்டார்கள். மெலிந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆறுதல் சொன்னார்.

"மெஷினைக் கொண்டுவந்து காட்டினவை. உம்மட அண்ணர் குடுத்தது எண்டு சொல்லிச்சினம். நீர் யோசிச்சுத்தான் அனுப்பியிருப்பீர் எண்டு நினைச்சன். உன்ரதா எண்டு கேட்டவை, ஓம் எண்டு சொல்லிட்டன். கையெழுத்தும் வைச்சிட்டன்."

அவர் என்னை நம்பித் தலையாட்டியிருக்கிறார். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாமல், நான் அனுப்பியதாக நினைத்த ஒரு பொய்க்குக் கையெழுத்து வைத்திருக்கிறார். நடந்ததைச் சொன்னேன். கம்பிக்கு நெருக்கமாக வந்தார். பிறகு, "அப்ப மச்சானை வாய் திறக்க விடாதையும். உள்ளுக்கு ஒருத்தர் இருக்கிறது காணும், போதும்" என்றார்.

சட்டத்தரணியும் அதையேதான் சொன்னார். உண்மையைச் சொன்னால் அண்ணன் பொலிஸுக்குப் பொய்ச் சாமான் கொடுத்தவர் ஆகிவிடுவார், அதை யார் சொல்லிச் செய்தார் என்ற கேள்வி வரும், இரண்டு பேரும் உள்ளே போவார்கள். ரிப்பேர்க் கடைக்காரர் அப்படி ஒரு ஆளையே கண்டதில்லை என்று கையை விரித்துவிட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. கடையை இழுத்து மூடிவிட்டு என் வீட்டுக்கு வந்து, முட்டைத் தட்டு பிடுங்கிய சுவரில் சாய்ந்துகொண்டு, "நானே போய்ச் சொல்லிர்றேன், நான் வாங்கினதுன்னு சொல்லிர்றேன்" என்று விசும்பினார். அப்பா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

கணவரைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு. இரவு பஸ் ஏறி, விடியற்காலை வரிசையில் நின்று, கொஞ்ச நேரம் முகம் பார்த்துவிட்டு வருவேன். பொங்கல் போனது, புது வருஷம் போனது, கோவில் திருவிழா இறுவட்டு இல்லாமலே நடந்தது. அடுத்த திருவிழாவும் வந்துபோனது. ஒவ்வொரு தடவையும் அவருடைய பேச்சில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். முதலில் பாட்டைப் பற்றிக் கேட்பதை விட்டார். பிறகு வீட்டைப் பற்றிக் கேட்பதை விட்டார். சிங்களம் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. காவலாளியோடு அவர் பேசியதைக் கேட்டு ஒரு நாள் நான் திடுக்கிட்டுப் போனேன். என்னைவிடச் சுத்தமாகப் பேசினார்.

அவர் உள்ளே இருக்கும்போதே போர் முடிந்தது. கண்டித் தெருவெல்லாம் கொண்டாட்ட வெடி. கீழ்வீட்டு அம்மா பாற்சோறு செய்து ஒரு தட்டில் கொண்டுவந்து தந்துவிட்டு, "இனி விட்டுவிடுவார்கள் மகளே" என்றாள். அதற்குப் பிறகும் உடனே விடவில்லை.

கடைசியில் யாரோ ஒரு நிபுணர் அந்த மெஷினைத் திறந்து பார்த்திருக்கிறார். இது ஒலிபெருக்கிக்கான பழைய அம்ப்ளிஃபயர், உள்ளே இருக்க வேண்டிய பாதிப் பாகங்கள் இல்லை, இதனால் ஒரு செய்தியும் அனுப்ப முடியாது என்று எழுதிக் கொடுத்தாராம். இதை முதல் வாரமே ஒரு ரேடியோக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. மெஷின் கிடைத்துவிட்டதே, இனி எதற்குத் திறந்து பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டார்கள். கண்டி நீதிமன்றத்தில் வழக்கு இல்லையென்று ஆனது. கணவரை எழுந்து நிற்கச் சொன்னார்கள், எழுந்தார். போகலாம் என்றார்கள். அவர் போகவில்லை, யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வரும்போது நீதிமன்ற எழுத்தர் கூப்பிட்டார். வழக்குப் பொருளைத் திருப்பித் தர வேண்டும், கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். ஒரு ஊழியர் சாக்கில் சுற்றியிருந்த மெஷினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீல பெயின்ட் அங்கங்கே உரிந்து, உண்மையிலேயே பழசாகியிருந்தது.

"எங்களுக்கு இது வேண்டாம்" என்றேன்.

சட்டத்தரணி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். வேண்டாமென்றால் ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள், உங்களுடையது இல்லையென்றால் யாருடையது என்று கேட்பார்கள், பேசாமல் தூக்கிக்கொண்டு நடங்கள் என்றார். கணவர் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டார். அண்ணன் ஓடிப்போய் வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை.

முச்சக்கர வண்டியில் குண்டசாலைக்குப் புறப்பட்டோம். ஒரு ஓரத்தில் அண்ணன், நடுவில் கணவர், மறு ஓரத்தில் நான். மெஷின் அவர் மடியில். போர் முடிந்தும் பாலத்துக்குப் பக்கத்தில் சோதனைச் சாவடியை எடுத்திருக்கவில்லை. ஒரு சின்னப் பையன்தான், இராணுவ உடையில், குனிந்து உள்ளே பார்த்தான். மடியில் இருந்த சாக்கைத் துவக்கு நுனியால் விலக்கினான்.

"மேக்க காகெத?" என்றான், இது யாருடையது என்று.

அண்ணன் துள்ளி முன்னால் வந்தார். இத்தனை காலமாகச் சொல்ல விடாமல் தடுத்து வைத்திருந்த உண்மையை இந்தச் சின்னப் பையனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கணவர் அவருடைய முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

"மகே, சேர்" என்றார். என்னுடையது.

பையன் தலையாட்டிப் போகச் சொன்னான். வண்டி பாலத்தில் ஏறியது. அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார். அவரைக் காப்பாற்றத்தான் கணவர் அப்படிச் சொன்னார் என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. நன்றியோடு திரும்பிப் பார்த்தேன். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. மீன் சாப்பிட்டுவிட்டு விரதம் என்று சொன்னாலும் காது மடல் இரண்டும் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். கல்யாணமான புதிதிலிருந்து அதைப் பார்த்துத்தான் அவரைப் பிடிப்பேன். அவர் இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். காது சிவக்கவே இல்லை.